கைதட்டலும் கடன்பாக்கியும்

பன்னிரண்டு டாலர்! நூலகப் பணியாளர் ஒருவர் தம் சம்பளப் பணத்திலிருந்து எடுத்து வைத்த தொகை அவ்வளவுதான். அதையே முதலாகப் போட்டு, 1965-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், டட்லி ராண்டல் என்ற கறுப்பினக் கவிஞர் ஒரு பதிப்பகம் தொடங்கினார். கூட்டாளிகள் இல்லை, கோமான்களின் கொடை இல்லை, தனிக் கட்டடம்கூட இல்லை. குடியிருந்த வீட்டின் ஓர் அறையே அலுவலகம், அதுவே கிடங்கு, அஞ்சலுக்கு நூல் கட்டும் இடமும் அதுவே. வெளியிட்டதோ கவிதை! "விலை போகாத சரக்கு" என்று பெரிய பதிப்பாளர்கள் எந்த நாட்டிலும் உதட்டைப் பிதுக்குகிறார்களே, அதே கவிதை! அதுவும் யார் எழுதிய கவிதை? அந்நாட்டுத் தொகுப்பு நூல்களும் பாடநூல்களும் வாயிற்படியிலேயே நிறுத்தி வைத்திருந்த கறுப்பின மக்கள் எழுதிய கவிதை!

பிராட்சைட் பிரஸ் என்பது அந்தப் பதிப்பகத்தின் பெயர். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் எண்பதுக்கும் மேற்பட்ட நூல்களை அது வெளியிட்டது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் படிகள் அச்சேறின.

கேட்டவுடன் கைகள் தாமாகவே தட்டுகின்றன அல்லவா? தட்டுங்கள்; தகும். ஆனால் தட்டி முடித்தபின், அந்தப் பதிப்பகத்தின் கணக்கேட்டையும் சற்றே புரட்டிப் பாருங்கள். 1970-களின் நடுவில் அது கடனில் அமிழ்ந்தபோது கைதட்டல் குறைந்திருக்கவில்லை, வரவுதான் குறைந்திருந்தது.

கவிதையை எடைபோட நமக்குத் தெரியும். சொல்லைப் பார்ப்போம், பொருளைப் பார்ப்போம், ஓசையைப் பார்ப்போம். அந்தக் கவிதையைத் தாளில் ஏற்றி நம் கையில் சேர்த்த பதிப்பகத்தை எடைபோடுவதுண்டா? இல்லை. புகழ்கிறோம், அல்லது மறக்கிறோம். இரண்டும் ஆராய்ச்சி ஆகா. ஒடுக்கப்பட்ட மக்களின் கவிதைப் பதிப்பகம் ஒன்றை மதிப்பிட மூன்று கேள்விகள் போதும் என்பேன். யாரை அச்சிட்டது? யார் வாங்கும் விலைக்கு விற்றது? விற்ற பணம் வந்து சேர்ந்ததா? முதல் இரண்டு கேள்விகளும் பதிப்பாளரை நோக்கியவை. மூன்றாவது கேள்வி வாசகரை நோக்கியது.

ஒற்றைத் தாளின் கதை

1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரில், கறுப்பின மக்கள் கூடும் தேவாலயம் ஒன்றில், வெள்ளை நிறவெறியர் வைத்த வெடிகுண்டு வெடித்தது. நான்கு சிறுமியர் மாண்டனர். மூவருக்கு வயது பதினான்கு, ஒருத்திக்குப் பதினொன்று.

இச்செய்தியை வைத்து ராண்டல் ஒரு கதைப்பாடல் எழுதினார். சிறுமி ஒருத்தி தாயிடம் கேட்கிறாள்: உரிமை கேட்டு ஊர்வலம் போகிறார்களே, நானும் போகட்டுமா என்று. வேண்டாம், அங்கே காவலரின் நாய்கள் இருக்கும், தடிகள் இருக்கும், துப்பாக்கிகள் இருக்கும் என்று அஞ்சுகிறாள் தாய். தேவாலயத்துக்குப் போய்ப் பாடு என்கிறாள். தலைவாரி, நல்லாடை உடுத்தி மகளை அனுப்பி வைக்கிறாள். புனிதமான இடத்தில் மகள் இருக்கிறாள் என்று நிம்மதியாகப் புன்னகை புரிகிறாள். பிறகு வெடியோசை. ஓடிச் சென்று இடிபாடுகளைக் கிளறும் தாயின் கையில் அகப்படுவது மகளின் காலணி, மகள் அல்லள்.

இப்பாடலில் சினந்து கத்தும் சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். கொலைகாரனைப் பழிக்கவில்லை, அரசைத் தூற்றவில்லை, நீதி கேட்டு முழங்கவில்லை. தாயும் மகளும் பேசும் எளிய பேச்சு. நான்கு அடிக்கு ஒரு பத்தியாக, எழுதப் படிக்கத் தெரியாதவரும் மனப்பாடம் செய்யக்கூடிய பழைய கதைப்பாடல் வடிவம். ஆனால் படித்து முடித்தபோது ஒரு கேள்வி நெஞ்சில் நின்று குடைகிறது: போராட்டத்திலிருந்து ஒதுங்கி நின்றால் பாதுகாப்பு உண்டா? வீதியில் இறங்கினால் ஆபத்து, இறைவன் இல்லத்தில் ஆபத்தில்லை என்பது அத்தாய் போட்ட கணக்கு. வெடிமருந்துக்குப் புனித இடம் தெரியவில்லை. புனித இடத்துக்கும் வெடிமருந்தைத் தடுக்கும் ஆற்றல் இல்லை. மகளைக் காக்க நினைத்த தாயை எள்ளுவது மனிதத்தன்மை ஆகாது, கவிஞரும் எள்ளவில்லை. ஒதுங்கி வாழ்பவனை ஆதிக்கம் ஒதுக்கி வைத்துவிடாது என்ற உண்மையை மட்டும் நம் முன் வைக்கிறார். பகுத்தறிவு பேசும் நாம் பத்துப் பக்கம் எழுதிச் சொல்வதை அவர் முப்பத்து சொச்சம் அடிகளில் சொல்லி முடித்துவிட்டார்.

பதிப்பகம் பிறந்தது இந்தப் பாடலால்தான். ஜெரி மூர் என்ற பாடகர் இதற்கு இசை அமைக்க விரும்பினார். பாட்டின் உரிமையைக் காத்துக்கொள்ள வேண்டுமானால், உரிமைக் குறிப்போடு அதை அச்சிட்டு வெளியிட வேண்டும். அன்றைய அமெரிக்கச் சட்டம் அப்படி. ஆகவே, துண்டறிக்கை போல ஒற்றைத் தாளில் அச்சிட்டார் ராண்டல். அத்தகைய தாளுக்கு ஆங்கிலத்தில் பிராட்சைட் என்று பெயர். அதுவே பதிப்பகத்துக்கும் பெயராயிற்று. தம் உழைப்பின் விளைவு தம் கையை விட்டுப் போய்விடக்கூடாது என்ற உழைப்பாளியின் விழிப்பு அது. அடிமைகளாக விற்கப்பட்டு, உழைப்பெல்லாம் பறிக்கப்பட்ட ஓர் இனத்தில் வந்தவருக்கு அந்த விழிப்பு இருந்ததில் வியப்பென்ன?

பிறகு துணிந்து கடிதங்கள் எழுதினார். ராபர்ட் ஹெய்டன், மெல்வின் டால்சன், மார்கரெட் வாக்கர், குவெண்டலின் புரூக்ஸ் ஆகிய நால்வரும் புகழ்பெற்ற கவிஞர்கள். ஆளுக்கு ஒரு கவிதையைத் தாளாக வெளியிட இசைவு கேட்டார், தந்தனர். தம் பாடல் இரண்டையும் சேர்த்து ஆறு தாள்கள். "நீக்ரோப் புரட்சிக் கவிதைகள்" என்பது அந்த வரிசையின் பெயர். அன்று வழங்கிய சொல் அது. அவற்றுள் புரூக்ஸ் எழுதியது, பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுப் பந்தாட்டக் கூடத்தில் பொழுதைக் கழிக்கும் இளைஞர்களைப் பற்றிய, எட்டே அடிகள் கொண்ட கவிதை. அதைக் கறுப்புத் தளத்தில் வெள்ளெழுத்தாக, தெருப்பையன் மதிலில் கிறுக்கியது போல அச்சிட்டனர். அலமாரியில் தூங்க வேண்டிய கவிதை சுவரில் ஏறி நின்றது! தொழிலாளி வீட்டுச் சுவரிலும் மாணவன் அறைச் சுவரிலும் ஒட்டி வைக்கலாம், நடந்துகொண்டே படிக்கலாம். நூல் வாங்கும் பழக்கம் இல்லாதவனை வாசகனாக்கும் வழி அது.

வாயிற்படியில் நின்றவர்கள்

முதல் கேள்விக்கு வருவோம். யாரை அச்சிட்டது?

1969-இல் பிராட்சைட் வெளியிட்ட ஒரு தொகுப்பு நூலின் தலைப்பே இதற்கு விடை சொல்லும். "கறுப்பினக் கவிதை: கறுப்பினக் கவிஞரை விலக்கும் தொகுப்புகளுக்கு ஒரு பின்னிணைப்பு" என்பது அதன் பெயர். எத்தகைய குத்தல் பாருங்கள்! உங்கள் நூலில் இடம் கொடுங்கள் என்ற கெஞ்சல் அதில் இல்லை. நீங்கள் விட்ட பகுதி இதோ, சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள் என்று கையில் கொடுக்கிறார். பள்ளி ஆசிரியன் என்ற முறையில் தொகுப்பு நூலின் வல்லமை எனக்குத் தெரியும். பாடநூலில் இடம்பெற்ற கவிஞன் இருந்தான் என்று மாணவன் நம்புகிறான். இடம்பெறாதவன் பிறக்கவே இல்லை என்று நினைக்கிறான். ஓர் இனத்தின் நாவை அறுக்க வாள் தேவையில்லை, பொருளடக்கம் போதும்!

1965 பிப்ரவரி 21-இல் மால்கம் எக்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு, நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக் கழகத்தில் கறுப்பின எழுத்தாளர் மாநாடு நடந்தது. அங்கே கவிஞர்கள் உரையாடியபோது பிறந்த எண்ணம், மால்கமைப் பற்றிய கவிதைத் தொகுப்பு. ராண்டலும் மார்கரெட் பரோஸ் அம்மையாரும் சேர்ந்து தொகுத்த அந்நூல் 1967-இல் வெளிவந்தது. நிறவெறிக்கு எதிரான நூல். ஆனால் வெள்ளையர் சிலர் எழுதிய கவிதைகளும் அதில் உண்டு. எதிர்ப்பு ஆதிக்கத்தின்மீது; தோலின்மீது அன்று. இந்த வேறுபாட்டை மறந்த இயக்கங்கள் எங்கும் இடறி விழுந்திருக்கின்றன.

பட்டியலை இன்னும் பாருங்கள். இந்தியானா மாநிலச் சிறையில் கைதியாக இருந்த எத்தரிட்ஜ் நைட் எழுதிய "சிறைக் கவிதைகள்" 1968-இல் வெளிவந்தது. கைதியின் எழுத்தை எந்தக் கண்ணியமான நிறுவனம் தேடிப் போயிருக்கும்? பின்னாளில் ஹாகி மதுபூட்டி என்று பெயர் மாற்றிக்கொண்ட டான் லீ என்ற இளைஞரின் நூல்கள் பல்லாயிரம் படிகள் விற்றன. சோனியா சாஞ்செஸ், நிக்கி ஜியோவனி ஆகிய இளம்பெண்களின் குரல் நாடெங்கும் ஒலித்தது. ஆட்ரி லார்ட் அம்மையாரின் 1973-ஆம் ஆண்டு நூல், அந்நாட்டின் தேசிய நூல் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. வீட்டு அறையில் கட்டு கட்டி அஞ்சலில் அனுப்பிய பதிப்பகத்தின் நூல், மாடமாளிகைப் பதிப்பகங்களின் நூல்களோடு சரிசமமாக அமர்ந்தது!

குவெண்டலின் புரூக்ஸ் செய்த செயல் தனியே குறிக்கத்தக்கது. 1950-இல் புலிட்சர் பரிசு பெற்றவர் அவர். அப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர். ஹார்ப்பர் என்ற பெரும் நிறுவனம் அவருடைய நூல்களை வெளியிட்டு வந்தது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதும் சிகாகோ பற்றி எரிந்தது. அதை வைத்து அவர் எழுதிய "கலகம்" என்ற நூலை, 1969-இல் ராண்டலிடம் கொடுத்தார். வருவாயையும் பதிப்பகத்துக்கே விட்டுக்கொடுத்தார். அடுத்து வந்த தம் நூல்களையும், தன்வரலாற்றையும்கூட அங்கேயே தந்தார். பெயர் பெற்றவர் சிறிய பதிப்பகத்துக்கு வருவது அரிது. ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு, கையெழுத்துப் படியை மட்டும் பெரிய இடத்துக்கு அனுப்பும் புரட்சியாளர்கள் எந்நாட்டிலும் உண்டு. புரூக்ஸ் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை.

இவ்வளவும் புகழ். குறை இல்லையா? உண்டு. எண்பது நூல்களில் உள்ள அத்தனையும் நிலைக்கும் கவிதைகள் என்று நான் கூற மாட்டேன். அக்காலத்து இளங்கவிஞர் பலருடைய பாட்டு, மேடையில் முழங்கியபோது இருந்த சூட்டைத் தாளில் காத்துக்கொள்ளவில்லை. எழுத்துகளைச் சிதறடிப்பதும், வசையை வீரம் என்று கருதுவதும் சில இடங்களில் அலுப்புத் தட்டுகின்றன. முழக்கம் கவிதை ஆவதற்கு முழக்கத்தைக் காட்டிலும் கூடுதலாக ஏதோ வேண்டும். பர்மிங்காம் பாடலே அதற்குச் சான்று.

ஆனால் இங்கேதான் ராண்டலின் பெருமையும் இருக்கிறது. அவர் மரபு அறிந்தவர். கட்டுக்கோப்பான பாடல்கள் எழுதியவர். இரஷ்ய மொழி கற்று அம்மொழிக் கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அத்தகையவர், தாம் ஒருபோதும் எழுதியிருக்க மாட்டாத கவிதைகளையும் அச்சிட்டார். தம் சுவையைச் சட்டமாக்கவில்லை. வயதில் இளையவர்கள் தம்மை மீறிக் குதித்தபோது கதவைச் சாத்தவில்லை. அதோடு நிற்காமல், திறனாய்வுக்கென்றே ஒரு நூல்வரிசை தொடங்கினார். 1971-இல் அவ்வரிசையில் டான் லீ எழுதிய நூல், 1960-களின் கறுப்பினக் கவிஞர்களை எடைபோட்டது. குறைகளையும் எடுத்துக் காட்டியது. தன் கவிஞரைத் தானே தராசில் நிறுத்தும் துணிவு ஓர் இயக்கப் பதிப்பகத்துக்கு வேண்டும். தன் ஆளை மட்டும் வாழ்த்திக்கொண்டிருந்தால் அதற்குப் பதிப்பகம் என்று பெயரில்லை. பஜனை மடம் என்று பெயர்!

பற்றும் வரவும்

இரண்டாவது கேள்வி, விலை. ராண்டல் ஏழ்மையை ஏட்டில் படித்தவர் அல்லர். 1932-இல், பதினெட்டு வயதில், ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையின் வார்ப்படச் சாலையில் வேலைக்குப் போனவர். ஐந்தாண்டு உலைச் சூட்டில் உழைத்தார். பின்னர் அஞ்சல் நிலையப் பணி. இரண்டாம் உலகப் போரில் படைப்பணி. பட்டம் பெற்றது 1949-இல், முப்பத்தைந்தாம் வயதில். 1951-இல் நூலகவியலில் முதுகலைப் பட்டம் பெற்று நூலகர் ஆனார். பதிப்பகம் தொடங்கியபோது வயது ஐம்பத்தொன்று. தொழிலாளி கையில் என்ன இருக்கும் என்று தெரிந்தவர் ஆகையால், விலையைக் குறைவாகவே வைத்தார். மெல்லிய அட்டை, சிறிய நூல், மாணவனும் வாங்கக்கூடிய விலை. பகலில் நூலகப் பணி. எஞ்சிய நேரத்தில் மெய்ப்புத் திருத்தம், கடிதம், கட்டு, கணக்கு. தமக்கென்று சம்பளம் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நூலில் வந்த பணத்தை அடுத்த நூலில் போட்டார்.

அப்படியானால் கடன் எங்கிருந்து வந்தது? மூன்றாவது கேள்வி இதுதான். சிறு பதிப்பகத்தின் பொருளாதாரம் தெரியாதவர்க்கு இது புதிராகத் தோன்றும்: நூல் விற்காவிட்டால் அல்லவா நட்டம், விற்ற பதிப்பகம் எப்படி நொடிக்கும் என்று. விளக்குகிறேன்.

அச்சகத்தானுக்கு உடனே பணம் தரவேண்டும். தாள் வணிகன் தவணை கேட்டால் முகத்தைத் திருப்புவான். அஞ்சல் நிலையமோ கடன் என்ற சொல்லையே அறியாது. ஆனால் நூலை வாங்கிச் செல்லும் கடைக்காரர், விற்ற பிறகு தருகிறேன் என்பார். விற்ற பிறகும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார். சில மாதம் கழித்து விற்காத படிகளைக் கசங்கிய நிலையில் திருப்பி அனுப்புவார். ஒரு நாள் கடையையே மூடிவிட்டுப் போய்விடுவார். ஆகவே, நூலுக்குத் தேவை பெருகப் பெருக, மறுபதிப்புக்கு மேலும் மேலும் முன்பணம் போடவேண்டும். நிலுவையோ மேலும் மேலும் வெளியே நிற்கும். நூறு படி அனுப்பியவன் நூறு படிக்குக் கடன்காரன். பதினாயிரம் படி அனுப்பியவன் பதினாயிரம் படிக்குக் கடன்காரன்! விற்பனையே கழுத்தில் கட்டிய கல்லாகிவிடும்.

பிராட்சைட் பிரசுக்கு நேர்ந்தது இதுதான். அதன் நூல்களைப் பரப்பிய கறுப்பினத்தாரின் சிறு கடைகள் பல, தாமே தள்ளாடிக்கொண்டிருந்தவை. அவற்றை நெருக்க ராண்டலுக்கு மனமில்லை. 1973-க்குப் பின் விலைவாசி ஏறியது. நாட்டில் தொழில் மந்தம் வந்தது. கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. நிலுவை நிலுவையாகவே நின்றது. அச்சுக் கூலியோ நிற்கவில்லை. அந்நிலையிலும் அவர் புதிய நூல்களை ஏற்றுக்கொண்டே இருந்தார். விலையையும் கூட்டத் தயங்கினார். 1977-இல், தேவாலயச் சார்புடைய ஒரு நிறுவனத்திடம் பதிப்பகத்தை ஒப்படைக்க வேண்டி வந்தது. தேவாலயக் குண்டுவெடிப்பைப் பாடிய பாட்டிலே பிறந்த பதிப்பகம், கடைசியில் தேவாலயத்தார் கையில் அடைக்கலம்! அவர்களைக் குறை சொல்ல நான் முன்வரவில்லை, கைகொடுத்தவர்கள் அவர்கள். புரட்சி, புரட்சி என்று அந்நூல்களை மேடைதோறும் முழங்கியவர்கள் எங்கே போனார்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

ராண்டலின் உள்ளமும் உடைந்தது. கடுமையான மனச்சோர்வு அவரைப் பற்றிக்கொண்டது. சில ஆண்டுகள் ஒரு வரிகூட எழுதவில்லை. இருநூறு கவிஞர்களுக்கு நாவாக இருந்தவர் ஊமையாக அமர்ந்திருந்தார்.

தியாகம் ஒரு திட்டமாகாது

இவரைப் பற்றி எழுதுவோர் பலர், "தன்னலமற்ற தியாகி" என்று கூறி முடித்துவிடுகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. தியாகி என்று கூறிவிட்டால் நாம் செய்ய வேண்டியது எதுவும் மிஞ்சாது பாருங்கள்! மாலை போடலாம், சிலை எடுக்கலாம், ஆண்டுக்கொரு நாள் கூடலாம். கோவிலை விட்டு வெளியே வந்த பின்பும் கும்பிடும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் என்ன? சிலைக்கு முன் சிட்டையைப் பாருங்கள். அம்மனிதர் தாமாக விரும்பித் தீக்குளிக்கவில்லை. சேர வேண்டிய பணம் சேராததால் நசுக்கப்பட்டார்.

ராண்டல்மீதும் தவறு உண்டு. பதிப்பகத்தை அவர் தம் இரு தோளிலேயே சுமந்தார். துணையாளர்கள் வந்தார்கள், போனார்கள், அமைப்பு உருவாகவில்லை. தனி மனிதனின் உடலே நிறுவனமாக இருந்தால், உடல் சாயும் நாளில் நிறுவனமும் சாயும். அவரிடம் நூல் வெளியிட்ட டான் லீ, வேறு இரண்டு கவிஞர்களோடு சேர்ந்து 1967-இல் சிகாகோவில் மூன்றாம் உலகப் பதிப்பகத்தைத் தொடங்கினார். நானூறு டாலரும் ஒரு படியெடுக்கும் பொறியுமே முதல். ஆனால் அதைச் சுற்றி ஒரு கல்வி அமைப்பு எழுந்தது, பலர் கைகோத்தனர். அரை நூற்றாண்டைக் கடந்து அது வாழ்கிறது. நல்லெண்ணம் இருவருக்கும் ஒன்றே. ஒன்றில் ஒருவர் தூணாக நின்றார். மற்றொன்றில் பலர் தூண்களாயினர். வேறுபாடு அதுதான்.

"கவிதையைப் போய்க் கணக்கோடு முடிச்சுப் போடலாமா? கவிதை காசுக்கு அப்பாற்பட்டதன்றோ?" என்று சிலர் கேட்பார்கள். கேட்பவர்கள் யார் என்று பாருங்கள். அரசர்கள் பொன்முடிப்புக் கொடுத்த நாளில், கவிதை காசுக்கு அப்பாற்பட்டது என்று எந்தப் புலவரும் கூறவில்லை. செல்வர் வீட்டுக் கவிதைக்குச் செல்வமே அச்சுக் கூலி தருகிறது. அங்கே கணக்குப் பேச வேண்டியதில்லை. கணக்குப் பேசியே தீரவேண்டியவன் ஏழை. அவன் கவிதைக்கு அரசவை இல்லை, ஆதீனம் இல்லை, அறக்கட்டளை இல்லை. வாங்குகிறவன் கொடுக்கும் விலை ஒன்றே அதற்கு ஆதரவு. அந்த விலையை நிறுத்தி வைத்துவிட்டு, கவிதை விலைமதிப்பற்றது என்று வாழ்த்துவது வஞ்சகம்.

கதை துன்பத்தோடு முடியவில்லை. டெட்ராய்ட் நகரிலேயே நயோமி லாங் மாட்ஜெட் என்ற கவிஞர் இருந்தார். உயர்நிலைப் பள்ளியில் பல்லாண்டு ஆசிரியையாகப் பணிபுரிந்தவர். தம் கவிதைகளைப் பதிப்பாளர்கள் ஏற்காதபோது, 1972-இல் அவரே தாமரைப் பதிப்பகம் என்ற பொருள்படும் லோட்டஸ் பிரசைத் தொடங்கினார். மனச்சோர்வு நீங்கி 1980-இல் மீண்டும் எழுதத் தொடங்கிய ராண்டலின் கவிதைத் தொகுப்பை, 1981-இல் வெளியிட்டது அந்த லோட்டஸ் பிரஸ்தான். பிறருக்கெல்லாம் அச்சுத் தாள் தேடித் தந்தவருக்கு, மற்றொரு சிறு பதிப்பகம் தாள் தந்தது! அதே ஆண்டில் டெட்ராய்ட் மாநகரம் அவரைத் தன் அரசவைக் கவிஞராக அறிவித்தது. 1985-இல் பிராட்சைட் புதிய கைகளுக்கு மாறி உயிர் பெற்றது. ராண்டல் 2000-ஆம் ஆண்டில், எண்பத்தாறாம் வயதில் மறைந்தார். 2015-இல் இரண்டு பதிப்பகங்களும் இணைந்து பிராட்சைட் லோட்டஸ் பிரஸ் ஆயின.

தோழர்களே! நம்மில் கவிதை எழுதுவோர் பலர். கவிதை கேட்டுக் களிப்போர் அதனினும் பலர். கவிதை நூலை விலை கொடுத்து வாங்குவோர் எத்தனை பேர்? நண்பன் நூல் வெளியிட்டால், "எனக்கொரு படி கையெழுத்திட்டுக் கொடு" என்று உரிமையோடு கேட்கிறோம். அந்த உரிமையைச் சற்றே அடக்கிக்கொள்வோம். நூல் பெற்ற அன்றே விலையைக் கொடுப்போம். படிப்பகத்தின் பொறுப்பாளராக இருப்போர், பட்டியல் வந்த வாரத்திலேயே பணத்தை அனுப்பட்டும். விழாவில் நூல் விற்கும் பொறுப்பை ஏற்றவர், விழா முடிந்த மறுநாளே கணக்கை ஒப்படைக்கட்டும். பதிப்பகம் நடத்துவோரும் தனித்துச் சுமக்க வேண்டா. நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளட்டும், கணக்கைத் திறந்து காட்டட்டும், கேட்க வேண்டியதைக் கூச்சமின்றிக் கேட்கட்டும்.

பன்னிரண்டு டாலரில் ஒருவர் தொடங்கிக் காட்டிவிட்டார். தொடங்குவது கடினம் அன்று என்பதற்கு அவரே சான்று. தொடர வைப்பது வாசகர் வேலை. அந்த வேலையைச் செய்யாத கையில் எவ்வளவு ஓசை எழுந்தாலும், அது அச்சகத்தான் கடனைத் தீர்க்காது.